ஒன்பதாம் குரோமோசோமில் ஏதோ அதிகமாம்

வேலூரில் குரோமோசோம்களை, அதாவது செல்லுக்குள் டிஎன்ஏ சுருண்டு கிடக்கும் இழைகளைப் பார்க்கும் லேபில் வேலை செய்பவர்களுக்கு இந்த போன் பழக்கமானதுதான். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு லாட்ஜுக்குப் போனவர், கூகுளில் தேடிவிட்டுக் கூப்பிடுவார். "ஒன்பதுல ஏதோ அதிகம்னு போட்டிருக்கு மேடம், கேன்சர் வருமா?" குடியாத்தத்துக்காரரும் கேட்பார், கொல்கத்தாவிலிருந்து வந்தவரும் கேட்பார். மொழிதான் வேறு.

அர்த்தமில்லாத கேள்வி என்று சொல்ல மாட்டேன். மனித டிஎன்ஏவில் ஏறக்குறைய பாதி, திரும்பத் திரும்ப வரும் வரிசைகள்தான். அவற்றில் ஒரு பகுதி, 1, 9, 16 ஆகிய குரோமோசோம்களில் சென்ட்ரோமியர் என்ற இடுப்பை ஒட்டியும், ஒய் குரோமோசோமின் நீளக் கையிலும் குவிந்து கிடக்கும். ரத்த செல்களை மூன்று நாள் வளர்த்து, ஸ்லைடில் சொட்டி, பேரியம் ஹைட்ராக்சைடில் முக்கி, ஜீம்சா சாயம் போட்டால் அந்த இடங்கள் மட்டும் கருத்துத் தெரியும். சி-பேண்டிங் என்போம். அப்பாவிடமிருந்து வந்த ஒன்பதில் பட்டை நீளமாகவும், அம்மாவிடமிருந்து வந்ததில் குட்டையாகவும் ஒரே ஆளிடம் இருக்கலாம். புற்றுநோயாளிகளிடம் இந்த வித்தியாசம் அதிகம் என்று ஒரு காலத்தில் கட்டுரைகள் வந்தன. மற்றவர்கள் பார்த்தபோது அது நிலைக்கவில்லை. இப்போது அதைக் குடும்பத்து மூக்கு மாதிரிதான் எடுத்துக்கொள்கிறோம்.

என்னைக் கேட்டால், ரிப்போர்ட்டில் அதை எழுதவே வேண்டாம். பார்த்ததை எழுதத்தான் வேண்டும் என்பது சீனியர்களின் கட்சி. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

கவலைப்பட வேண்டிய திரும்பல்கள் மைக்ராஸ்கோப்புக்கே எட்டாதவை. மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். டிஎன்ஏவின் ஒரே எழுத்து இருபது, இருபத்தைந்து தடவை வரிசையாக வரும் இடத்தில், செல் பிரியும்போது அதை நகலெடுக்கும் நொதி வழுக்கிவிடும். எம்எல்எச்1, எம்எஸ்எச்2 போன்ற ஜீன்கள் அந்தப் பிழையைத் திருத்த வேண்டும். அவை கெட்டால் கட்டியில் அந்த வரிசைகளின் நீளம் கன்னாபின்னாவென்று மாறும். பெருங்குடல் புற்றுநோய்களில் சுமார் 15 சதவீதம் இப்படி. அதில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவதில்லை. ஆனால் இந்த ஜீன் பழுது பரம்பரையாக வரும் லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ள குடும்பத்தில், பெற்றோரில் ஒருவரிடம் அது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மனைவிக்குக் கருச்சிதைவு ஆனதால் அவரோடு பரிசோதனைக்கு வந்த ஒருவர் அப்படித்தான் போன் செய்தார். ஒன்பதைப் பற்றி விளக்கி முடித்து, வைக்கப் போகும் நேரத்தில் சொன்னார்: "இல்ல மேடம், அப்பாவுக்குக் குடல்ல கேன்சர். அண்ணனுக்கும் முப்பத்தெட்டு வயசுலயே ஆபரேஷன் ஆச்சு. அதான் பயம்." அவர் பயந்தது சரிதான், குரோமோசோம்தான் வேறு.

அண்ணனின் பிளாக்கைக் கேட்டு வாங்கச் சொன்னேன். "பிளாக்னா இன்னா?" ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் பதித்து பத்தாலஜியில் வைத்திருப்பார்கள், கேட்டால் தருவார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. அந்தத் துண்டிலிருந்து சோதனையைத் தொடங்குவதுதான் வழக்கம். லிஞ்ச் என்று உறுதியானால், பழுது இருக்கும் உறவினர்களுக்கு இருபது, இருபத்தைந்து வயதிலிருந்தே ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். அண்ணனுக்கும் பயன் உண்டு: இந்த வகைக் கட்டி பரவியிருந்தால் நோய் எதிர்ப்பு சக்தியைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்து நன்றாக வேலை செய்ய வாய்ப்பு அதிகம். ஜெனடிக்ஸ் டாக்டரைப் பார்க்க அனுப்பி வைத்தேன்.

எங்கள் படிவத்தில் குடும்ப வரலாறு என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் காலியாகத்தான் வரும். இப்போதெல்லாம் யார் போன் செய்தாலும், ஒன்பதாம் குரோமோசோமை விளக்குவதற்கு முன்னால் அதைக் கேட்டுவிடுகிறேன்.