பரனூர்

2025 ஜூன் 9

ராத்திரி 11.38. பரனூர் டோல் மெசேஜ். அப்புறம் தூக்கமே வரல.

ஜூன் 11

வக்கீல் மேடம் விவாகரத்து பெட்டிஷன் டிராஃப்ட் அனுப்பிருக்காங்க. கல்யாணத் தேதி, மண்டபம், 2024 ஏப்ரல்ல இருந்து தனித்தனியா இருக்கோம், அப்புறம் ஒரே ஒரு வரி, "கருத்து வேறுபாடு காரணமாக". அவ்ளோதான். பரனூர் எங்கயும் இல்ல. மியூச்சுவல்ல, அதாவது ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறதுல, அதெல்லாம் எழுத மாட்டாங்களாம், யார் மேலயும் குத்தம் சொல்லக்கூடாதாம். எதிர்மனுதாரர்னே யாரும் கிடையாது, நான் 1வது மனுதாரர், அவன் 2வது. எட்டு மாசம் ஒரே வீட்ல இருந்தப்ப ஒரு தடவகூட ஒரே பக்கம் நின்னதில்ல.

ஜூன் 12

இன்னிக்கும் அப்பாவுக்கு ஆறல. ஏமாத்தி பண்ண கல்யாணம், செல்லாதுன்னு கேஸ் போடுன்னு அன்னிலருந்து சொல்றார். மேடம் போன வருஷமே தெளிவா சொல்லிட்டாங்க, இந்து திருமணச் சட்டம் பிரிவு 12ல மோசடின்னு போறதா இருந்தா தெரிஞ்ச ஒரு வருஷத்துக்குள்ள போகணும், நிரூபிக்கணும், அதுக்கு மேல அப்பீல். வேற பொண்ணோட தொடர்புங்கறது 2018க்கு அப்புறம் கிரைமும் இல்ல, விவாகரத்துக்கு காரணமா மட்டும் காட்டலாம். "டோல் மெசேஜ் கார் எங்க போச்சுன்னுதாம்மா சொல்லும், யார் கூடன்னு சொல்லாது."

31 மெசேஜ். எல்லாம் இருக்கு, ஒண்ணக்கூட டெலிட் பண்ணல. சிறுசேரில நைட் ஷிப்ட்னு சொல்லிட்டு கெளம்பறவனுக்கு பரனூர் பக்கம், ஜிஎஸ்டி ரோட்ல என்ன வேல. மொத தடவ பேங்க்காரன் தப்பா அனுப்பிட்டான்னு நெனச்சு அவன்கிட்டயே காட்டிருக்கேன், பாருங்க. "ஆமா, ஃபாஸ்டாக்ல இப்டி ஆகும், கம்ப்ளெய்ன்ட் குடு"ன்னான். குடுத்தேன்! பத்து நாள் ஃபாலோ வேற பண்ணேன்.

ரீசார்ஜ் பண்ணதும் நான்தான். என் அக்கவுண்ட்.

ஜூன் 25

கோர்ட். சைதாப்பேட்டைல மெட்ரோ ஏறி ஹைகோர்ட் ஸ்டேஷன்ல எறங்குனேன், அம்மா வரேன்னாங்க, வேணாம்னுட்டேன். இத்தன கூட்டம் இருக்கும்னு நெனக்கல. ஒரு பெஞ்ச்ல சின்னப் பையன் ஒருத்தன் ஸ்கூல் யூனிஃபார்ம்ல உக்காந்து ஹோம்வொர்க் எழுதிட்டிருந்தான். பக்கத்துல அவன் அம்மாவா, பாட்டியா, தெரியல.

அவன் தலதீபாவளி சட்டையப் போட்டுட்டு வந்திருந்தான். நான் தி.நகர்ல எடுத்தது. வேணும்னு போட்டானா, இல்ல அவனுக்கு ஞாபகமே இல்லியா, ரெண்டுல எது மோசம்னு வழியெல்லாம் யோசிச்சிட்டு வந்தேன்.

அவங்கம்மா வந்து "சாப்டியாம்மா"ன்னாங்க. அன்னிக்கு இதே குரல்லதான் சொன்னாங்க, "கல்யாணம் ஆனா அந்தப் பொண்ண விட்டுடுவான்னு நெனச்சோம்மா"ன்னு. நெனச்சாங்களாம். எங்கப்பா லோன் போட்டு கார் வாங்கிட்டிருந்தப்ப இவங்க நெனச்சிட்டிருந்தாங்க.

யாராவது கட்டாயப்படுத்தினாங்களான்னு ஜட்ஜ் கேட்டாங்க. இல்லன்னேன். ஜீவனாம்சம்? வேணாம். நகையும் காரும் திரும்பி வந்தா போதும்.

ஆறு மாசம் வெயிட் பண்றத தள்ளுபடி பண்ணச் சொல்லி 2017 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு இருக்கு, ஆனா அதுக்குப் பெட்டிஷன் போடும்போதே பிரிஞ்சு ஒன்றர வருஷம் ஆயிருக்கணுமாம். எங்களுக்குப் பதினாலு மாசம். நாலு மாசம் முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா! அந்த கம்ப்ளெய்ன்ட் ஃபாலோ பண்ண நாளெல்லாம் வேஸ்ட்.

இனி டிசம்பர்தான்.

ஜூலை 2

பரனூர், 10.15.

ஆத்தூர் மெசேஜ் மட்டும் வரவே வராது. பரனூர் தாண்டுனா முக்கா மணி நேரத்துல ஆத்தூர் டோல். ஒரு தடவகூட வந்ததில்ல. அப்போ நடுவுலதான் எங்கயோ. செங்கல்பட்டா, மதுராந்தகமா. மேப்ப பெருசாக்கி பெருசாக்கி பாத்துட்டு மணி மூணு.

ஜூலை 3

இத நிறுத்தணும்.

ஜூலை 17

ஆடி ஒண்ணு. "பொண்ண ஆடிக்கு அழைச்சிட்டீங்களா"ன்னு கீழ் வீட்டு மாமி கேட்டாங்களாம். அழைச்சு பதினஞ்சு மாசம் ஆச்சுன்னு சொல்லிருக்கலாம் அம்மா.

ஜூலை 27

கார் வந்துடுச்சு. அவன் ஃப்ரெண்ட் ஒருத்தன் தெருமுனையில நிறுத்திட்டு சாவிய வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான். முன் சீட், டிரைவர் பக்கத்துல இருக்கறது, நல்லா பின்னாடி சாஞ்சிருந்துச்சு. நான் எப்பவும் நேராத்தான் வெச்சிருப்பேன். நிமித்தல. அப்பா ரெண்டு ஷாம்பூ பாக்கெட் ஊத்திக் கழுவுனார், உள்ள வெளிய எல்லாம், ஒரு வார்த்த பேசல.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா ரூம் கதவ சாத்திட்டு தாலிக்கயிறு மாத்துனாங்க, எனக்குத் தெரியக்கூடாதுன்னு. மஞ்ச வாசன கூடத்துக்கே வந்துச்சு. சித்தி போன்ல, "சவரன் 75,000 பக்கம் போயிடுச்சு, அந்தத் தாலிய லாக்கர்ல எதுக்குடி வெச்சிருக்க, மாத்திடு"ங்கறாங்க. டிசம்பர் வரைக்கும் அது என்னதுன்னு எனக்கே தெரியல சித்தி.

ஆகஸ்ட் 4 - 20

எழுத ஒண்ணுமில்ல. மெசேஜும் இல்ல. தெனம் ராத்திரி 11 மணிக்கு போன எடுத்துப் பாக்கறேன், அது வேற.

ஆகஸ்ட் 31

பரனூர். காலைல 8.52.

கை சில்லுன்னு ஆயிடுச்சு. தோசக்கல்ல அப்டியே விட்டுட்டு பால்கனிக்கு ஓடி வந்து இன்பாக்ஸ்ல மேல கீழ தேடறேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன், மேடத்துக்கு அனுப்பலாமான்னுகூட யோசிச்சிட்டேன். அப்புறம்தான். அப்பாவும் அம்மாவும் திண்டிவனத்துக்கு, காதுகுத்துக்கு. காலைல நான்தானே சாவி எடுத்துக் குடுத்தேன்.

தோச கருகிடுச்சு.

9.41. ஆத்தூர்.