காவலில்லாமல் போன வண்டிகள்

1857 அக்டோபரில் யூட்டாவை நோக்கிப் போன அமெரிக்கப் படையின் சரக்கு வண்டிகளை மார்மன் (யூட்டாவில் குடியேறியிருந்த ஒரு மதப்பிரிவினர்) குதிரைவீரர்கள் எரித்ததைப் பெரிய போர் என்று நினைக்க வேண்டாம். அவர்களின் தலைவர் லாட் ஸ்மித்துடன் வந்தவர்கள் நாற்பது சொச்சம் பேர்தான். கிரீன் ஆற்றோரம் அடுத்தடுத்து 70க்கும் மேற்பட்ட வண்டிகள் சாம்பல். மாவு, பன்றி இறைச்சி, காபி எல்லாம் போச்சு.

காரணம் எளிது. படைக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற ரஸ்ஸல், மேஜர்ஸ் அண்ட் வாடெல் நிறுவனத்தின் மாட்டு வண்டிகளுக்குப் படைக்காவலே இல்லை. ஒரு வரிசைக்குச் சுமார் 26 வண்டி, ஒவ்வொன்றுக்கும் ஆறு ஜோடி எருது. நுகத்தை அவிழ்த்து மேயவிட்டால் வண்டி நகராது.

உயிரெடுக்காதே, மாடுகளை விரட்டு, புல்லைக் கொளுத்து என்பதே மார்மன் படைத்தளபதி டேனியல் வெல்ஸின் உத்தரவு. எனக்கு அந்தப் புல்தான் முக்கியம். தீவனமில்லாமல், பனியில் இழுவை மாடுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. ஜான்ஸ்டன் தலைமையிலான அந்த அமெரிக்கப் படை மார்மன்களின் நகரான சால்ட் லேக் போகாமல், எரிந்துகிடந்த பிரிட்ஜர் கோட்டையருகே குறைந்த ரேஷனில் குளிர்காலத்தைக் கழித்தது.