கதிர்காமப் பயணம், முதல் நாள்

விடிய 4 மணிக்கு வாறன் எண்ட வான் கிளிநொச்சிக்கு வந்து சேர ஆறரை. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில நிப்பாட்டித் தேங்காய் உடைச்சு, கற்பூரம் கொளுத்தி, கச்சானும் வாங்கியாச்சு. பிள்ளையாருக்கு எங்களில என்ன கோவமோ, மாங்குளம் வர முதலே பின் ரயர் வெடிச்சிட்டுது.

ஜாக்கும் ஸ்பெயார் ரயரும் கடைசி சீற்றுக்குக் கீழ. அதுக்கு மேல பாய், காஸ் அடுப்பு, அம்மம்மாவின்ர மடக்குக் கதிரை. எல்லாத்தையும் ஏ9 றோட்டு ஓரத்தில இறக்கி வைக்க, போற வாற பஸ்ஸெல்லாம் நாங்கள் கடை போட்டிருக்கிறம் எண்டு ஸ்லோ பண்ணிப் பாக்குது. இடிச்ச சம்பல் டப்பா மூடி கழண்டு, சித்தப்பாவின்ர வெள்ளை வேட்டி போச்சு. கடைசியில ஸ்பெயாரிலயும் காத்தில்லை! றைவர் தம்பி அதைக் காலால அமத்திப் பாத்திட்டு, "போன கிழமைதான் காத்தடிச்சனான் அண்ணை" எண்டார்.

மோட்டார்சைக்கிளில வந்த ஒரு ஐயாதான் ரயரை ஏத்திக்கொண்டு மாங்குளம் சந்திக்குப் போய்க் காத்தடிச்சுக் கொண்டந்தார். காசு குடுக்க வேண்டேல்லை. அதுக்குள்ள அம்மம்மா பாலை மர நிழலில கதிரையை விரிச்சு இருந்து, எல்லாருக்கும் புட்டுப் பங்கிட்டு முடிச்சிட்டா.

இப்ப புளியங்குளம். ஏசியும் வேலை செய்யேல்லை. மத்தியானச் சாப்பாடு தம்புள்ளையில எண்ட சித்தப்பா வாயே திறக்கிறாரில்லை. வவுனியாவில நல்ல ரயர் கடை தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.