திருப்புறம்பியத்தில் விழுந்த கங்க மன்னன்

கும்பகோணத்திலிருந்து இன்னம்பூர் வழியாகப் போனால் பத்துக் கிலோமீட்டருக்குள் திருப்புறம்பியம் வந்துவிடும். கொள்ளிடத்துக்கும் மண்ணியாற்றுக்கும் நடுவே, வயலும் தோப்புமாகக் கிடக்கிற ஊர். ஒரு தோப்புக்கு உதிரப்பட்டி என்று பெயர், இன்னொன்றுக்குக் குதிரைத் தோப்பு. இங்கே ஒரு போர் நடந்து ஆயிரத்து நூறு வருடம் கழிந்தும் ஊர் இந்தப் பெயர்களை விடவில்லை.

தேவார மூவரும் பாடிய சாட்சிநாதர் கோயிலில் முதலில் கும்பிட்டுக்கொண்டேன். பிரளயம் காத்த விநாயகருக்கு விநாயக சதுர்த்தி இரவில் தேனபிஷேகம் நடக்கும், அத்தனை தேனும் அவர் மேனிக்குள்ளேயே இறங்கிவிடும் என்கிறார்கள். ஆனால் நான் வந்தது பள்ளிப்படையைத் தேடி. இறந்த அரசர் நினைவாக எழுப்பும் சிவன் கோயிலைத்தான் பள்ளிப்படை என்பார்கள். வழி கேட்டுக் கேட்டு, வரப்போரம் நடந்துதான் போய்ச் சேர்ந்தேன். சின்னக் கோயில். வேறு யாருமே இல்லை.

கி.பி. 880-ஐ ஒட்டி இங்கே பெரும்போர் நடந்தது. ஒரு பக்கம் பாண்டியன் இரண்டாம் வரகுணன். எதிர்ப்பக்கம் பல்லவன் அபராஜிதன், அவனுக்குத் துணையாகக் கங்க மன்னன் முதலாம் பிருதிவிபதி, அப்புறம் தஞ்சையைப் பிடித்த விஜயாலயனின் மகன் ஆதித்த சோழன். பாண்டியன் தோற்றான். பிருதிவிபதி களத்திலேயே இறந்தான். அவனுக்கான பள்ளிப்படைதான் இது.

அபராஜிதன் என்றால் வெல்லப்படாதவன். தன் உயிரைக் கொடுத்து, நண்பனின் அந்தப் பெயரை மெய்யாக்கிவிட்டுப் பிருதிவிபதி வானுலகம் போனான் என்று உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது. அந்த வரியை முன்பே படித்திருக்கிறேன். இங்கே நின்று நினைத்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

ஏனென்றால் அந்தப் பெயர் வெகுகாலம் நிலைக்கவில்லை. சில வருடங்களிலேயே, தோளோடு தோள் நின்ற ஆதித்தனே தொண்டை நாட்டின் மேல் படையெடுத்தான். பல்லவனின் யானை மேல் பாய்ந்து அவனைக் கொன்றான் என்கிறது கன்னியாகுமரிக் கல்வெட்டு. மாமல்லபுரத்தையும் கைலாசநாதர் கோயிலையும் நமக்குத் தந்த காஞ்சிப் பல்லவர் ஆட்சி அதோடு முடிந்தது. திருப்புறம்பியத்தில் வென்ற பல்லவனைவிட, கூட வந்த சோழனுக்குத்தான் அந்த வெற்றி பயன்பட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் செப்பேட்டை வெளியிட்டவன் பிருதிவிபதியின் பேரன், இரண்டாம் பிருதிவிபதி. அப்போது அவன் ஆதித்தனின் மகன் பராந்தகனுக்குக் கீழே இருந்தான். தாத்தா யாருக்காகச் செத்தாரோ அவரைக் கொன்றவரின் மகனிடம் பணி. அந்த நிலையிலும் தாத்தாவின் நட்பை மறைக்காமல் செம்பில் எழுதி வைத்தானே, அவன் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது.

வெயில் தாழும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆதித்தனுக்கும் ஒரு பள்ளிப்படை உண்டு, காளஹஸ்திக்குப் பக்கத்தில் தொண்டைமானாட்டில். மகன் பராந்தகன் எடுத்த கோயில். அடுத்து அங்கேதான் போகப் போகிறேன்.