ஏப்ரல் 20-க்கு முன்னால்

2025 ஜனவரி 11, சனி

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அம்மா அதைப் படித்துக்கொண்டு நிற்கிறாள். ஏப்ரல் 20, அம்மா அமெரிக்காவில் தங்க அனுமதி முடிகிற நாள். மூன்று மாதம் முன்னால் நான் ஒட்டியதுதான்.

கப்பலுக்குப் பணம் கட்டியாச்சு. மார்ச் 8 டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஏறி, மெக்சிகோவில் ப்ரோக்ரேசோ, கோசுமேல், ஐந்து ராத்திரி கழித்து மறுபடி கால்வெஸ்டன். "என்ன திடீர்னு?" என்றார் இவர். அம்மா கப்பல் பார்த்ததில்லை என்றேன். பொய் இல்லை. முழுசாகவும் சொல்லவில்லை.

ஜனவரி 12

பெயர் எழுதும் இடத்தில் ஒன்றரை மணி நேரம் போனது.

அம்மா பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். 'சர்நேம்' என்ற இடம் காலி. இனிஷியலோடு வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கட்டத்தில் எழுத என்ன இருக்கும்? அமெரிக்க விசாவில் அம்மாவின் பெயரைத் தூக்கி சர்நேமில் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று அச்சடித்திருக்கிறார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். கப்பல்காரர்களின் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. முதலில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டேன். அப்படி ஒரு ஆள் எந்தக் காகிதத்திலும் கிடையாது என்று அப்புறம் உறைத்தது. அழித்துவிட்டு விசாவில் இருக்கிறபடியே அடித்தேன்.

அம்மா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாணம் வரைக்கும் தாத்தா எழுத்து. அதுக்கப்புறம் அப்பா எழுத்து. இது யாரு எழுத்துடி, மூணு எழுத்து?"

"பேர் தெரியாதவங்களுக்குப் போடுறதும்மா."

"தெரியாதா? பக்கத்துலயே எழுதியிருக்கானே."

ஜனவரி 13

மாடி ஏறும்போது அம்மா நாலாவது படியில் நின்றாள். செருப்பைச் சரி செய்வது மாதிரி.

ஜனவரி 15

இவர் இன்று வெற்றிவீரர் மாதிரி வந்தார். யாரோ ஆபீஸில் சொன்னார்களாம்: ஏறின துறைமுகத்திலேயே இறங்குகிற கப்பல் என்றால் அமெரிக்கக் குடிமக்களுக்குப் பாஸ்போர்ட்டே வேண்டாம். தேடிப் பார்த்தேன், நிஜம்தான். பெரியவர்களுக்குக் குடியுரிமைச் சான்றும் போட்டோ போட்ட அரசு அடையாள அட்டையும். 16 வயதுக்குக் கீழே பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதும், நகல்கூடச் செல்லும்.

ஆக பாப்பாவின் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடப்பது ஒரு பிரச்சினையே இல்லை என்கிறார். தனக்கும் போன வருஷம் சத்தியப் பிரமாணம் எடுத்தபோது கொடுத்த சான்றிதழும் லைசென்ஸும் போதும் என்கிறார். சிட்டிசன் ஆனதிலிருந்து இந்த மனிதர் பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாயிற்று. இப்போது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லாத ஒரு ஆள் என் வீட்டில் சோபாவில் படுத்திருக்கிறார்.

அந்தச் சான்றிதழ் மூலத்தையா கப்பலுக்குக் கொண்டுபோவது? தொலைந்தால் வேறு வாங்க 500 டாலருக்கு மேல். கேட்டால் "தொலைக்க மாட்டேன்" என்கிறார். வண்டிச் சாவியை வாரம் இரண்டு முறை தேடுபவர்.

ஜனவரி 18

பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் என்று ஏழு வருஷமாக நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தது ஆஸ்பத்திரியில் கொடுத்த ஞாபகார்த்தம். ரோஜா நிறத்தில் இரண்டு குட்டிப் பாதம். அரசு முத்திரை இல்லை. எந்த அதிகாரிக்கும் அது ஒரு படம்தான்.

நிஜமானது பழைய வரி பைலில் இருந்தது. அது வரைக்கும் நான் கத்திய கத்தலுக்குப் பாப்பா பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாதம் போட்டதை அவளிடமே கொடுத்துவிட்டேன். சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

ஜனவரி 19, ராத்திரி 2 மணி

தூக்கம் இல்லை. கார்டா புத்தகமா என்றே ஓடுகிறது.

சமரசத்துக்கு வந்திருக்கிறார்: பாஸ்போர்ட் கார்டு எடுக்கலாம், பர்ஸில் வைக்கிற அளவு, 30 டாலர். புத்தகம் 130. இரண்டுக்கும் மேலே விண்ணப்பம் வாங்கும் இடத்துக்கு 35. பாப்பாவுக்குக் கார்டு 15, புத்தகம் 100. கடல் வழியாகவும் தரை வழியாகவும் மெக்சிகோ, கனடா, கரீபியன், பெர்முடாவிலிருந்து திரும்ப கார்டு செல்லும். "நாம கடல்லதானே போறோம்?"

கடலில்தான் போகிறோம். கடலில்தான் வருவோம் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? கார்டைக் காட்டி வெளிநாட்டிலிருந்து விமானம் ஏற முடியாது. பிறப்புச் சான்றிதழைக் காட்டியும் முடியாது. கோசுமேலில் அம்மாவுக்கு ஏதாவது என்றால் கப்பல் எங்களுக்காக நிற்காது. நான் அம்மாவோடு இறங்கிவிடுவேன், என்னிடம் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பறந்து வரலாம். இவரும் பாப்பாவும்? ஒன்று, எங்களை விட்டுவிட்டு அதே கப்பலில் போக வேண்டும். இல்லாவிட்டால் இறங்கி, அமெரிக்கத் தூதரகத்தில் அவசரப் பாஸ்போர்ட்டுக்கு நிற்க வேண்டும். ஏழு வயசுக் குழந்தையைக் கப்பல் மேல்தளத்தில் நிறுத்தி நான் கையாட்டுகிற மாதிரியே கண்ணில் வருகிறது.

இதையெல்லாம் அவரிடம் சொன்னால் 'ஏதாவது என்றால்' என்ற இடத்தில் நிறுத்தி "என்ன ஏதாவது?" என்று கேட்பார். அதற்குத்தான் பதில் இல்லை.

ஜனவரி 20

புத்தகம். இரண்டு பேருக்கும். வித்தியாசம் 185 டாலர். சண்டையில்லாமல் முடிந்ததே ஆச்சரியம். அவரும் அந்தப் படியைப் பார்த்திருக்கிறார் போல.

ஜனவரி 25, சனி

பதினாறு வயதுக்குக் கீழே 'புதுப்பித்தல்' என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வொரு முறையும் புதுசு. டிஎஸ்-11 படிவம், பிள்ளை நேரில், அப்பா அம்மா இரண்டு பேரும் நேரில். ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவம். அத்தனை சொல்லியும் இவர் பத்து நிமிஷம் லேட்.

பாப்பாவின் போட்டோவை முதலில் திருப்பிக் கொடுத்தார்கள், தலை கொஞ்சம் சாய்ந்திருந்ததாம். அவள் தலையே அப்படித்தான். வேறு எடுத்தோம். கட்டணம் இரண்டு தனித்தனிச் செக்: ஒன்று வெளியுறவுத் துறைக்கு, ஒன்று அந்த அலுவலகத்துக்கு. சாதாரண வழியில் நாலிலிருந்து ஆறு வாரம். இன்றிலிருந்து ஆறு வாரம் எண்ணினால் சரியாக மார்ச் 8. ஆளுக்கு 60 கூடக் கட்டி அவசர வழியில் போட்டோம்.

இவருடைய குடியுரிமைச் சான்றிதழ் மூலமும் உறைக்குள் போனது. அந்தப் பெண் அதை மற்ற காகிதங்களோடு சேர்த்துக் கிளிப் போட்டதும் இவர் முகம் போன போக்கு. அதைக் கப்பலுக்கே எடுத்துப்போகிறேன் என்றவர்.

ஜனவரி 26

ஏப்ரல் 20 ஞாயிற்றுக்கிழமை.

பிப்ரவரி 2

அம்மா தன் இரண்டு பாஸ்போர்ட்டையும் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறாள். பழையது மூலை வெட்டப்பட்டது. விசா அதற்குள்தான். பாஸ்போர்ட் செத்தாலும் உள்ளே இருக்கிற விசாவுக்கு உயிர் உண்டு, தேதி இருக்கிற வரை. பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மெக்சிகோவுக்கும் அந்த விசாதான் துணை: செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களுக்குத் தனியாக மெக்சிகோ விசா வேண்டாம். 'என்ட்ரீஸ்' பக்கத்தில் எம் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். இருக்கிறது. பலமுறை நுழையலாம். அந்த ஓர் எழுத்து இல்லாவிட்டால் கப்பல் திரும்பி வரும், அம்மா வருவாளா என்பது சந்தேகம்.

"மூலைய வெட்டினத தூக்கிப் போட்டுருப்பேன். உங்க அப்பாதான் எதையும் போடாதேன்னுவாரு."

பிப்ரவரி 6

எழுதிவிடுகிறேன்.

ஒருமுறை வெளியே போய் வந்தால் புதுசாக ஆறு மாதம் போட்டுக் கொடுப்பார்கள் என்று கோயிலில் ஒரு மாமி சொன்னாள். அவள் மாமியாருக்குக் கொடுத்தார்களாம். அதற்காகத்தான் கப்பல். கடலும் இல்லை, பாப்பாவின் லீவும் இல்லை.

இன்று உட்கார்ந்து படித்தேன். மெக்சிகோ, கனடா மாதிரிப் பக்கத்து நாடுகளுக்கு 30 நாளுக்குள் போய்த் திரும்பினால் பொதுவாகப் பழைய தங்கும் அனுமதிப் பதிவே (ஐ-94) தொடரும், பழைய தேதியோடு. புதுசு கொடுப்பது அதிகாரியின் இஷ்டம். அந்த மாமியாருக்குக் கிடைத்தது அந்த மாமியாருக்கு. நேர்வழி இருக்கிறது: தேதி முடிவதற்கு முன்னால் ஐ-539 விண்ணப்பம் போட்டு, காரணம் எழுதி, நீட்டிப்புக் கேட்கலாம். காரணம் எழுத வேண்டும். என்ன எழுதுவேன்? படி என்றா?

அம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும், இருக்க இஷ்டமா என்று. அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. நானும்.

பிப்ரவரி 7

மூன்றாவது படி.

பிப்ரவரி 14

ஆன்லைனில் பார்த்தால் 'செயல்பாட்டில் உள்ளது'. நேற்றும் அதுவே. ஒரு நாளைக்கு நாலு தடவை பார்ப்பதால் அது வேகமாக நகராது என்கிறார் இவர். அவர் மொபைலிலும் அதே பக்கம் திறந்திருந்தது.

பிப்ரவரி 19

பாப்பாவுடையது வந்துவிட்டது. ஐந்து வருஷம். தலை நேராக இருக்கிறது, வேறு யாரோ மாதிரி.

பிப்ரவரி 24

இவருடையதும். பெருமையை மறைக்கத் தெரியவில்லை. உண்மை மட்டும் எழுதுவதென்றால், எனக்கு உள்ளே சுருக்கென்றது. ஒரே வீட்டில் இவர் நீலப் புத்தகம், பாப்பா பிறவியிலேயே நீலம், நான் இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஒரு பச்சை அட்டை, அம்மா மூலை வெட்டியதும் வெட்டாததும். சான்றிதழ் தனித் தபாலில் வருமாம். வரும் வரை இவர் தபால் பெட்டிக்கு நடையாக நடப்பார்.

மார்ச் 1

எல்லோருடையதையும் பார்த்தேன், என்னுடையதைப் பார்க்கவில்லை. ஜூன் மாதத்தோடு முடிகிறது என் பாஸ்போர்ட்.

கை நடுங்கிவிட்டது. ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்தது நினைவில். கப்பல்காரர்களை அழைத்து 50 நிமிஷம் பாட்டுக் கேட்டேன். எங்கள் வழித்தடத்துக்குப் பயணம் முடியும் வரை செல்லுபடியானால் போதும், ஆறு மாதம் என்பது பரிந்துரை என்றார்கள். அதை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். அச்செடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பிரதி.

மார்ச் 7

ஜிப் வைத்த பையில் எல்லாம். அம்மாவின் மாத்திரைச் சீட்டும் அதிலேயே.

மார்ச் 8

ஏறிவிட்டோம். துறைமுகத்தில் அந்தப் பெண் திரையைப் பார்த்து "எஃப்... நூ?" என்று ராகமாக அழைத்தாள். அம்மா கையைத் தூக்கி "ஆஜர்" என்றாள். வரிசையில் பின்னால் நின்ற தமிழ்க் குடும்பம் ஒன்று சிரித்தது. எனக்கு முதலில் கோபம், பிறகு நானும்.

ஏறும் பாதை சாய்தளம். படி இல்லை.

மார்ச் 10, ப்ரோக்ரேசோ

கரையிலிருந்து கடலுக்குள் 6.5 கிலோமீட்டர் நீண்டிருக்கிறது பாலம். கப்பலிலிருந்து ஊருக்குப் பஸ். இத்தனை ஆழமில்லாத கடலா என்று அம்மா பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தாள். யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. கப்பல் அட்டையை மட்டும் பார்த்தார்கள். ஐம்பது தடவை தொட்டுப் பார்த்த பையை அறைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு இறங்கினேன். கை சும்மா இருந்தது.

மார்ச் 11

கோசுமேல். ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 13

காலை ஏழரைக்கு இறக்கினார்கள். இவரும் பாப்பாவும் ஒரு பக்கம் நடந்து நிமிஷத்தில் வெளியே. நானும் அம்மாவும் இன்னொரு பக்கம்.

அதிகாரி இளைஞன். இரண்டு பாஸ்போர்ட்டையும் புரட்டினான். மகள் வீட்டில்தானா என்றான். எப்போது ஊருக்கு என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, "ஏப்ரல் ட்வென்ட்டி" என்றாள். அவன் தலையாட்டித் திருப்பிக் கொடுத்தான். முத்திரை எதுவும் குத்தவில்லை.

வண்டியில் யாரும் பேசவில்லை. பாப்பா தூங்கிவிட்டாள்.

லேப்டாப்பில் அந்த ஐ-539 பக்கம் திறந்திருக்கிறது. முதல் பெயரில் எஃப்என்யூ அடித்துவிட்டேன், கடைசிப் பெயரில் அம்மா பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

மாடியிலிருந்து கூப்பிடுகிறாள். சூட்கேஸை மேலே ஏற்றவா, கீழேயே கிடக்கட்டுமா என்று கேட்கிறாள்.