பன்னி வால்வுல செல்லை எடுத்துடலாம், சோப்பை எடுக்குறதுதான் பாடு

டீசெல்லுலரைசேஷன் பண்ணப்போறேன்னு வர்ற ஜூனியர்ஸ் அடிக்கடி கேக்குறாங்க, அதனால மொத்தமா எழுதி வச்சிடுறேன். பன்னியோட இதய வால்வுல இருக்குற பன்னி செல் எல்லாத்தையும் கழுவித் தள்ளிட்டு, மிஞ்சுற கொலாஜன், எலாஸ்டின்ங்கிற புரத நாரோட கூட்டுல மனுஷ செல்லை வளர விடணும், அவ்ளோதான் ஐடியா. இப்ப ஆஸ்பத்திரில வைக்கிற பன்னி வால்வு குளூட்டரால்டிஹைடுல பதப்படுத்துனது, உயிர் இல்லாத திசு, நாள்பட கால்சியம் படிஞ்சு விறைச்சுடும், சின்னப் பசங்களுக்கு இன்னும் சீக்கிரம், புள்ள வளந்தாலும் வால்வு வளராது. மெட்டல் வால்வுன்னா ஆயுசுக்கும் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, ரத்தம் எவ்ளோ நேரத்துல உறையுதுன்னு பாக்குற ஐஎன்ஆர் டெஸ்ட்டுன்னு ஓடணும்.

முதல் தலைவலி இதயம் வாங்குறது. கறிக்கடைல பழக்கதோஷத்துல இதயத்தை ஒரு கீறு கீறி ரத்தத்தை வடிச்சுட்டுதான் தருவாங்க, அந்தக் கீறல்லயே வால்வு போச்சு. முழுசா வேணும்ணே, மேல அயோர்ட்டாவ (இதயத்துல இருந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாய்) ரெண்டு விரக்கடை விட்டு அறுங்கன்னு கேட்டதுக்கு, கடைக்காரர் "குழம்புக்கா தம்பி, அந்த ரப்பர் குழாய் வேகாதே"ன்னாரு. ஆன்டிபயாட்டிக் போட்ட பிபிஎஸ்ல (உப்பு பஃபர் கரைசல்) முக்கி ஐஸ் பெட்டில உடனே லேபுக்கு வந்துடணும்.

அறுக்கும்போது ஒண்ணு கவனிங்க. அயோர்ட்டிக் வால்வுல மூணு இதழ், அதுல வலது கரோனரி இதழோட அடில பன்னிக்கு ஒரு தசைத்திட்டு ஏறி நிக்கும், மனுஷனுக்கு இந்த அளவுக்கு இருக்காது. அங்க டிடர்ஜென்ட் உள்ள இறங்காது, எல்லா இடமும் சுத்தமானாலும் டிஎன்ஏவைக் காட்டுற டாப்பி (DAPI) ஸ்டெயின்ல அங்க மட்டும் நீலப்புள்ளி மின்னும். கத்தரியால முடிஞ்சவரைக்கும் சுரண்டி எடுத்துடுங்க.

அப்புறம் உப்பு கம்மியான ஹைப்போடானிக் பஃபர்ல போட்டு செல்லை வெடிக்க வைக்கணும். வெடிச்ச செல்லுல இருந்து வர்ற என்சைம் கொலாஜனைத் தின்னாம இருக்க, அதைத் தடுக்குற அப்ரோட்டினின் சேக்கணும். பிறகு 0.1% எஸ்டிஎஸ், அதாவது நம்ம சோப்பு (டிடர்ஜென்ட்), ஷேக்கர்ல ஓடிட்டே இருக்கும். டிஎன்ஏ வெளிய வந்து மூக்குச்சளி மாதிரி கொழகொழன்னு ஒட்டும், அதுக்குத்தான் டிஎன்ஏவை வெட்டுற டிஎன்ஏஸ் என்சைம். அதுக்கு மக்னீசியம் வேணும், முந்தின பஃபர்ல இருந்த ஈடிடிஏ மிச்சம் இருந்தா அது மக்னீசியத்தைப் பிடிச்சுக்கும், என்சைம் சும்மா கிடக்கும். காஸ்ட்லி என்சைம் வேற, அதனால நடுவுல நல்லா கழுவுங்க.

பொதுவா எல்லாரும் வச்சிருக்குற அளவுகோல் ஒரு மில்லிகிராம் திசுவுக்கு டிஎன்ஏ 50 நானோகிராமுக்குக் கீழ, துண்டு 200 பேஸ் பேருக்குள்ள. இது காஞ்ச எடைக்கு! ஈரமா எடை போட்டா தண்ணியே பெரும்பங்கு, நம்பர் தானா அழகா வந்துடும், டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்ல யாராவது கேட்டா மாட்டிப்பீங்க. ஃப்ரீஸ் ட்ரை பண்ணிட்டுப் போடுங்க.

ஆனா நேரத்தைத் தின்னது இதெல்லாம் இல்ல, சோப்புதான். எஸ்டிஎஸ்னா ஷாம்பு டூத்பேஸ்ட்ல இருக்குற சோடியம் லாரில் சல்ஃபேட்டேதான், கொலாஜன்ல ஒட்டிக்கிட்டா லேசுல விடாது, மிச்சம் இருந்தா மேல விதைக்கிற எண்டோதீலியல் செல் (ரத்தக்குழாய் உள்பக்கத்தை மூடுற செல்) எல்லாம் உருண்டு கழண்டு மிதக்கும். கழுவுன தண்ணியோட மெத்திலீன் புளூவும் குளோரோஃபார்மும் சேத்துக் குலுக்குங்க, எஸ்டிஎஸ் சாயத்தோட ஜோடி சேந்து கீழ இருக்குற குளோரோஃபார்ம் அடுக்குக்கு இறங்கிடும், அந்த அடுக்கு நீலமா இருந்தா சோப்பு இன்னும் போகலைன்னு அர்த்தம். பிபிஎஸ் மாத்தி மாத்தி ஊத்திட்டே இருக்க வேண்டியதுதான், வேற வழி கிடையாது. அதுக்காக சோப்பைக் கூட்டிக் குறைச்சு விளையாடாதீங்க, கூட்டுனா இதழோட நடு அடுக்குல தண்ணியைப் பிடிச்சு வைக்கிற கிளைகோசமினோகிளைக்கனும் சேந்து போயிடும், குறைச்சா செல்லு தங்கிடும்.

செல்லு தங்குனா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க வியன்னா கேஸைப் படிங்க. 2001-ல இந்த மாதிரி பன்னி வால்வை நாலு பசங்களுக்கு வச்சாங்க, மூணு பேர் இறந்துட்டாங்க, நாலாவது பையனுக்கு முன்கூட்டியே எடுத்துட்டாங்க. வைக்காம மிச்சம் இருந்த சாம்பிளைப் பாத்தா செல் முழுசாப் போகவே இல்ல, கால்சியமும் இருந்துச்சு. அதைப் படிச்சப்புறம் ஒரு ஸ்லைடைப் பாத்துட்டு க்ளீன்னு எழுத எனக்கு கை வரல, ஒவ்வொரு வால்வுலயும் இதழ், சுவர், அடித்தசைன்னு மூணு இடத்துலயும் வெட்டிப் பாக்குறேன். ஜெர்மனில ஹானோவர் குரூப் தானமா வந்த மனுஷ வால்வையே இப்படிக் கழுவி வைக்கிறாங்க, ரிசல்ட் நல்லாவே இருக்கு, ஆனா தானம் கிடைக்கணுமே.

நான் இப்ப டென்சைல் டெஸ்ட்ல (இழுத்துப் பாத்து வலு அளக்குறது) நிக்கிறேன், மெஷின் வேற டிபார்ட்மென்ட்ல, க்யூ பெருசு. இதழ் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, கிரிப்புல வழுக்கிட்டு வந்துடும், ரெண்டு பக்கமும் உப்புத்தாள் ஒட்டி எடுத்துட்டுப் போங்க.