அகலமான தாழி

இறந்தவரை வைத்துப் புதைக்கும் தாழியை ஒரு பெண் குயவரிடம் கேட்கும் புறநானூற்றின் 256-ஆம் பாட்டையும், ஒரு பொருள் உண்டாகச் சைவ சித்தாந்தம் சொல்லும் மூன்று காரணங்களையும் நமக்கு ஒரே தமிழ் ஐயாதான் நடத்தினார். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், வனைகிறவர் நிமித்த காரணம். இரண்டையும் தனித்தனிப் பாடமாக எழுதித் தேறினோம். திருநெல்வேலி மாவட்டத்தில் மண்பாண்டம் செய்யும் காருகுறிச்சியில், சூளையடியில் வைத்துக் கேட்டிருந்தால் ஒரே பாடமாக விளங்கியிருக்கும்.

தத்துவம் ஒரே சொல்லில் முடித்துவிடும் அந்த மண்ணைப் பாருங்கள். குளத்துக் களிமண் இழுத்த இழுப்புக்கு வரும். தனியாக வனைந்தால் காயும்போது சுருங்கி வெடிக்கும். அதற்காகத்தான் மணல் சேர்ப்பது. மணல் மிஞ்சினால் சக்கரத்திலேயே சுவர் கிழியும். அடுப்பில் ஏறும் சட்டிக்கு மணல் சற்றுக் கூடவே வேண்டும், சூட்டில் விரிந்து சுருங்குவதைத் தாங்குவதற்கு. மிதிக்கும்போது காலில் தட்டுப்படும் சுக்கான் கல்லை, அதாவது சுண்ணாம்புக் கல்லைப், பொறுக்காமல் விட்டால் அது சூளையில் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதும். நன்றாக வெந்த பானையிலும் சில்லுப் பெயரும்.

சக்கரத்தில் பானை முடிவதில்லை. வாயும் கழுத்தும் அங்கே அமையும், அடி திறந்தே இருக்கும். சற்று இறுகியதும் உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுவார்கள்.

இனி அந்தப் பாட்டு. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிய பல்லிபோலக் கணவனோடு பாலை வழி பல கடந்து வந்தவள், அவன் இறந்தபின் குயவரிடம், ஈமத்தாழியை எனக்கும் சேர்த்து அகலமாக வனை என்று கேட்கிறாள். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டிய, 2004-இல் தொல்லியல் துறை மறுபடியும் தோண்டிய பழைய இடுகாடான ஆதிச்சநல்லூர்ப் பறம்பின் தாழிகளைப் பார்த்தவர்களுக்கு அவள் கேட்பதன் பாரம் புரியும். உயரத்தைவிட அகலம் கடினம். வயிறு விரிய விரியச் சுவர் வெளியே சாயும், ஈரமண் தன் எடையிலேயே தொய்யும். ஆகவே கொஞ்சம் ஏற்றி, இறுகவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். கீழ்ப்பகுதி அதிகம் காய்ந்துவிட்டால் மேல்மண் பிடிக்காது. அந்த ஒட்டு சூளையில் வாய் பிளக்கும். அதனால் விளிம்பில் ஈரத்துணி போடுவது. தடித்த சுவரில் ஈரம் மிச்சமிருக்க, எடுத்த எடுப்பில் தீயைக் கூட்டினால் நீராவி உடைத்துவிடும். காயவைக்கும் நிழலையும் துணைக்காரணத்தில் எண்ணித்தான் ஆக வேண்டும் என்பது என் கருத்து. அவள் கேட்டது பல நாள் பொறுமையை. பானை வனையும் வேளாருக்கு அது சொல்லாமலே தெரியும்.

நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் பாட்டைக் காருகுறிச்சியில் வைத்து நடத்த நம் பழைய மாணவர் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காயாது. மார்கழியில் பொங்கல் பானை வேலை நெருக்கும். தைப்பொங்கல் கழிந்ததும் போகலாம்.